வெர்னா ஹோலூபின் ஆலங்கட்டிகள்

வெர்னா ஹோலூப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். மேகத்தைக் கண்டால் வண்டியை மெதுவாக்கிவிடுவாள் என்று அவள்மேல் ஊரில் ஒரு புகார் உண்டு. புகார் உண்மைதான். மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பார்ப்பாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் அப்படியே நீட்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே அவள் வண்டியில் ஏற அடித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்தது ஒரு மே மாதத்துப் பிற்பகலில். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மண்சாலையில் வந்தபோது மேற்கே வானம் பச்சையடித்தது. நெப்ராஸ்காவில் வானம் பச்சையானால் என்ன வரும் என்று தவழும் குழந்தைக்கும் தெரியும். வெர்னா வண்டியைத் தானியக் கிடங்கின் மறைவில் ஒட்டி நிறுத்தினாள். நிறுத்தியதுதான் தாமதம், கூரைமேல் யாரோ லாரி லாரியாய்ச் சரளையைக் கொட்டினார்கள். பிள்ளைகள் அழுது தீர்த்தன. ஓய்ந்ததும், வேறு யாராயிருந்தாலும் வண்டிக் கண்ணாடியைப் பார்ப்பார்கள், வயலைப் பார்ப்பார்கள், இன்ஷூரன்ஸ்காரனுக்கு போன் போடுவார்கள். வெர்னா கீழே இறங்கி ஓர் ஆலங்கட்டியைப் பொறுக்கி, வண்டிப் படியில் மோதி உடைத்தாள். உள்ளே வெங்காயத்தை நறுக்கினது போல வளையம் வளையமாய் இருந்தது. ஒன்று பால்வெள்ளை, அடுத்தது கண்ணாடி, மறுபடியும் பால்.

"இதை யாருடா இப்படி அடுக்கினது?" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டாள்.

அழுத பிள்ளைகள் அழுகையை மறந்து எட்டிப் பார்த்தன. வெர்னா இன்னொரு கட்டியைத் தன் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு மூடினாள். அன்று ஆரம்பித்தது.

கட்டியைச் சேர்த்து வைப்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஆலங்கட்டி மழை அடித்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டை ரொட்டிப் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டு வைப்பார்கள். இன்ஷூரன்ஸ்காரன் வந்தால் காட்ட வேண்டும், மச்சினன் வந்தால் பீற்ற வேண்டும். அடுத்த மழைவரை அது பட்டாணிப் பொட்டலத்துக்கும் மான்கறிக்கும் நடுவில் கிடக்கும். வெர்னா செய்த புதுமை, அதைச் சூடான கம்பியால் ஏடு ஏடாக அறுத்து, விளக்கின்மேல் வைத்து, குனிந்து பார்த்தது. ஒவ்வொரு வளையத்துக்கும் கட்டி ஒருமுறை மேகத்துக்குள் ஏறி இறங்கியிருக்கிறது என்று முடிவு கட்டினாள். வருடக்கணக்காக அதையே எல்லோருக்கும் சொன்னாள். பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரி வந்து, அப்படி இல்லை, ஒரே பயணத்திலேயே அத்தனை வளையமும் வளரலாம் என்றாள். கடுங்குளிரில் தண்ணீர் பட்டவுடன் உறைந்தால் காற்று மாட்டிக்கொண்டு பாலாகும், ஈரம் மிகுந்த இடத்தில் நிதானமாக உறைந்தால் கண்ணாடியாகும் என்று விளக்கினாள்.

"அப்ப இத்தனை வருஷமா நான் ஊரு காதுல பூ சுத்தியிருக்கேனா!" என்று வெர்னா தொடையைத் தட்டிச் சிரித்தாள். தப்பு என்று தெரிந்ததில் அப்படியொரு சந்தோஷப்பட்ட மனுஷியை எங்கள் ஊர் பார்த்ததில்லை. வீடு வீடாகப் போய், தான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள். பாதிப்பேருக்கு அவள் முன்பு என்ன சொன்னாள் என்பதே நினைவில்லை.

வீட்டு ஃப்ரீசரில் கட்டிகள் இளைத்துக்கொண்டே போயின. கணவன் மில்டன்தான் எடுத்துப் பானத்தில் போட்டுக் குடிக்கிறான் என்று அவனோடு சண்டை பிடித்தாள். மில்டன் சத்தியம் செய்தான். அப்புறம்தான் தெரிந்தது, உறைபனியைத் தானே கரைத்துக்கொள்ளும் புது மாதிரிப் பெட்டிகள் கட்டியையும் சேர்த்துத் தின்றுவிடும் என்று. உறைபனி படிகிற பழைய பெட்டிதான் வேண்டும். அப்படி இரண்டு பெட்டிகளை வாங்கிக் கொட்டகையில் வைத்தாள். மில்டனின் மக்காச்சோளத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

"வீட்டுல நான் இருக்கணும், இல்ல மழை இருக்கணும்" என்றான் மில்டன்.

மழை டுவேன் ஸ்டாராவின் இடத்துக்குக் குடிபோயிற்று. டுவேன் அவளோடு பள்ளியில் படித்தவன். மூன்று தலைமுறையாகக் கறிக்கூடம் நடத்துகிற குடும்பம். பண்ணைக்காரர்கள் மாட்டைக் கொண்டுவந்து விடுவார்கள். இவன் வெட்டி, வெள்ளைத் தாளில் பொட்டலம் கட்டி, பின்னால் இருக்கும் பெரிய குளிர் அறையில் அவரவர் பெட்டியில் வைத்துப் பூட்டுவான். முன்பக்கக் கூடம் சும்மா கிடந்தது. "கொண்டுவந்து வையி, கரண்டு எப்படியும் ஓடுது" என்றான். வாடகை பேசவே இல்லை.

அந்தக் கூடம்தான் ஆலங்கட்டி மியூசியம். லாப நோக்கமில்லாத அமைப்பு என்று முறையாகப் பதிவு செய்தார்கள். கண்ணாடி மூடி போட்ட பெட்டிகள், ஒவ்வொரு கட்டிக்கும் பெயர், விழுந்த இடம், கொண்டுவந்தவர். பண்ணைக்காரர்கள் பெரிய சாஃப்ட்பால் பந்து அளவு என்று அளந்துவிட்டுக்கொண்டு வருவார்கள். வெர்னா அளவு இடுக்கியை வைத்துப் பார்த்தால் கோழிமுட்டை அளவு இருக்கும். "வர்ற வழியில கரைஞ்சுபோச்சு" என்பார்கள். அதையும் அட்டையில் எழுதிவிடுவாள்: உரிமையாளர் கூற்றுப்படி சாஃப்ட்பால்.

பேருந்து நேரம் போக மீதி நேரத்தில் வருவாள். கோடை விடுமுறையில் மேகத்தைத் துரத்திக்கொண்டு வண்டியில் போய்விடுவாள். அவள் இல்லாதபோது யாராவது வந்தால் டுவேன் விளக்கைப் போட்டுவிடுவான். அவ்வளவுதான் அவன் வேலை என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்த ஜூலையில் வெயில் மண்டையைப் பிளந்தது. பெரிய பெட்டியின் மோட்டார் முனகத் தொடங்கியது. பழுதுபார்க்க வந்தவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, இறந்தவர் வீட்டில் பேசுகிற குரலில் பேசினான். இந்த மாதிரி இப்போது வருவதில்லை, எத்தனை நாள் ஓடுமோ அத்தனை நாள் என்றான். மற்ற மியூசியங்களில் கூரை ஒழுகினாலும் பொருள் பொருளாகவே இருக்கும். இவளுடையது ஒரே ஒரு பிற்பகல் மின்சாரம் போனால் தரையில் ஈரமாகிவிடும்.

"டுவேன், கொஞ்ச நாளைக்கு உன் குளிர் அறையில ஒரு மூலை குடேன்."

"இடமில்ல, வெர்னா."

"ஒரு தட்டு போதும்ப்பா."

"ரொம்பி வழியுது. கறி வச்சிருக்கிற இடம், கண்டதையும் உள்ள விட முடியாது."

"கண்டதா? என் கட்டி கண்டதா?"

டுவேன் மேசையைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த மேசை. வெர்னா விறுவிறுவென்று வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். வாடகை வாங்காதவன் ஒரு தட்டு தர மறுப்பானேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்காத எதையும் துருவித் துருவிக் கேட்கிறவள், இதைக் கேட்கவில்லை. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. கட்டி எவ்வளவு பெரிது என்று யாரும் யாரையும் கேட்கலாம். தொழில் எப்படிப் போகிறது என்று கேட்கக் கூடாது. கேட்டாலும் "மோசமில்ல" என்றுதான் பதில் வரும். வீடு ஏலத்துக்குப் போகிற அன்றும் அதே "மோசமில்ல"தான்.

வழி காட்டியது அந்த ஆராய்ச்சிக்காரிதான். மத்திய அரசாங்கத்தின் விதை ஆய்வுக்கூடம் ஒன்றை மூடிவிட்டார்கள், அதன் குளிர்பெட்டிகள் உபரிச் சாமான் கிடங்குக்கு வந்திருக்கின்றன என்று போனில் சொன்னாள். உறைபனியைக் கரைக்காத ஜாதி. துருவக் குளிர் தரும். அரசாங்கத்துக்கு வேண்டாமல் போன சாமானைத் தகுதியுள்ள மியூசியங்கள் தானமாக வாங்கிக்கொள்ளலாமாம். வெர்னா உடனே தலைநகர் லிங்கனில் இருக்கும் மாநில அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டாள்.

அங்கிருந்து பேசிய அதிகாரியின் பெயர் ஓரலியா ட்ரெவினோ. சுற்றி வளைக்கத் தெரியாத அம்மாள்.

"உங்க மியூசியம் ஒரு கறிக்கூடத்துக்குள்ள இருக்குன்னு போட்டிருக்கீங்க."

"கறிக்கூடத்துல இல்லீங்க. அதோட முன்னறையில."

"கறிக்காகத் திறந்த இடத்துல ஓரமா நாலு பொருளைக் காட்டினா அது மியூசியம் ஆகாது. விதியிலயே இருக்கு. மதுக்கடை சுவத்துல மான்தலை மாட்டியிருந்தா, அதுக்காக மதுக்கடை மியூசியம் ஆகிடுமா? அப்புறம், வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரமாவது ஜனங்களுக்குத் திறந்திருக்கணும். முழுநேரம் அதையே பாத்துக்கிற ஆள் ஒருத்தராவது வேணும். சம்பளம் வாங்கணும்னு இல்ல. ஆனா ஆள் இருக்கணும்."

"நான் இருக்கேனே!"

"நீங்க பேருந்து ஓட்டறீங்கன்னு இங்க இருக்கு."

வெர்னா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஓரலியா நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். மாத முடிவுக்குள் தகுதி தீர்மானமாகாவிட்டால் பெட்டிகள் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். மில்டன் கூடத்துக்கு வெள்ளையடித்துக் கொடுத்தான். பழைய மோட்டார் அந்த வாரம் முழுக்க இருமிக்கொண்டே ஓடியது. பெட்டியின் ஓரத்தில் இருந்த கட்டிகளின் முனை மழுங்கத் தொடங்கியிருந்ததை வெர்னா பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஓரலியா வந்த அன்று காலையிலேயே அனல். குட்டையான பெண்மணி, வெயிலுக்கு அகலத் தொப்பி. பழம் வைத்த கொலாச் ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்தாள். ஓர் ஏட்டை விளக்கின்மேல் வைத்து வெர்னா காட்டியபோது ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இந்த நடுப்புள்ளி என்ன?"

"கரு. அதுலேர்ந்துதான் எல்லாம் வளருது. சிலதுல ஒரு பூச்சி இருக்கும். காத்து தூக்கிட்டுப் போயி, மேல உறைஞ்சு, அதைச் சுத்திக் கட்டி கட்டும். இங்க ஒண்ணு இருக்கு, வாங்க, வண்டு. பறந்து போனப்ப இருந்த மாதிரியே இறக்கை."

ஓரலியா வெகுநேரம் அந்த வண்டைப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று வெர்னா உள்ளுக்குள் துள்ளினாள். ஆனால் அவள் நிமிர்ந்தபோது முகத்தில் அதிகாரி திரும்பி வந்திருந்தாள்.

"அருமையா இருக்கு. நான் பொய் சொல்லல. ஆனா எனக்கு இது பிடிக்குதாங்கறது கேள்வி இல்ல. இந்தக் கட்டடம் எதுக்காகத் திறந்திருக்கு? அதுதான் கேள்வி." திரும்பி, கல்லாவுக்குப் பின்னால் நின்ற டுவேனைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியில் கொஞ்சம் தொத்திறைச்சி இருந்தது. "வியாபாரம் எப்படிங்க?"

வெளியூர்க்காரி. கேட்டுவிட்டாள்.

"மோசமில்ல" என்றான் டுவேன்.

"அந்தக் கதவு?"

"குளிர் அறை. கறி வைக்கிறது."

ஓரலியா வெர்னா பக்கம் திரும்பினாள். "உங்க ஃப்ரீசர் சாகக் கிடக்குது, பக்கத்துலயே இவ்வளவு பெரிய குளிர் அறை. ஏன் அங்க மாத்தல?"

"அதை அவன்கிட்ட கேளுங்க" என்றாள் வெர்னா. குரலில் ஒரு மாதத்துக் கோபம் இருந்தது.

டுவேன் மேசையைத் துடைத்தான்.

ஓரலியா நிதானமாகத்தான் சொன்னாள். "அய்யா, நான் ஒளிவு மறைவில்லாம சொல்லிடறேன். அந்த அறை நிறையக் கறி இருந்தா, இது கறிக்கூடம். மியூசியம் ஒரு ஓரம். நான் அப்படித்தான் எழுத முடியும். உங்க மேல தப்பில்ல, அவங்க மேலயும் தப்பில்ல. நான் பாத்துட்டுக் கிளம்பறேன்."

டுவேன் துடைத்த துணியை மடித்தான். மடித்ததை இன்னொருமுறை மடித்தான். இந்த மனுஷன் வேண்டுமென்றே கழுத்தறுக்கிறானே என்று வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன! கறி குறைவு, கட்டிதான் முக்கியம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன!

டுவேன் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு கல்லாவைச் சுற்றி வந்து, அந்தப் பெரிய கதவின் கைப்பிடியை இழுத்தான்.

குளிர் வரவில்லை.

அந்தக் கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிற வெண்புகையை வெர்னா சிறுமியாயிருந்ததிலிருந்து அறிவாள். இப்போது வந்தது வெறும் புழுக்கக் காற்று. கொக்கிகள் வரிசையாய்க் காலியாகத் தொங்கின. சுவரோரப் பெட்டிகள் எல்லாம் திறந்து கிடந்தன. தரை சுத்தமாய், காய்ந்து, பளபளவென்று இருந்தது. நடுவில் ஒரு மடக்கு நாற்காலி.

ஓரலியா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எல்லாரும் டவுன்ல இருக்கிற பெரிய கூடத்துக்குப் போயிட்டாங்க" என்றான் டுவேன், கொக்கிகளைப் பார்த்துக்கொண்டு. "தப்பு சொல்ல மாட்டேன். அங்க விலை குறைச்சல். இந்த அறைக்கு ஆகிற கரண்டு எனக்குக் கட்டுப்படியாகல. நிறுத்திட்டேன். தொத்திறைச்சிகூட அங்கேர்ந்து வாங்கி, என் தாள்ல கட்டி வைக்கிறதுதான்."

"அப்ப தினம் ஏன் கடையைத் திறக்கறீங்க?" என்று ஓரலியா கேட்டாள். இம்முறை அவள் குரல் தணிந்திருந்தது.

"கட்டி பாக்க ஆள் வருவாங்களே. போன வாரம் கன்சாஸ்லேர்ந்து ஒரு குடும்பம். பாதையில போறவங்க. பள்ளிக்கூடம் நடக்கிறப்ப வாத்தியார்மாருங்க கூட்டிக்கிட்டு வருவாங்க. வெர்னா வண்டியோட போயிடறா. யாராவது சொல்லணும்ல, பாலு எப்படி வருது, கண்ணாடி எப்படி வருதுன்னு. காலைல திறப்பேன், சாயங்காலம் பூட்டுவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் கோயில் விட்டப்புறம்."

"பெட்டியில படியற உறைபனி?" என்று ஓரலியா கேட்டாள்.

"திங்கக்கிழமை திங்கக்கிழமை தூரிகையால தட்டி எடுத்துடுவேன். விட்டா மூடியில படிஞ்சு ஒண்ணும் தெரியாது."

அந்தப் பழைய பெட்டிகளில் உறைபனி ஏன் சேருவதே இல்லை என்று வெர்னா ஒருமுறை வியந்ததுண்டு. நல்ல காலத்துப் பெட்டி என்று அதையே மெச்சிக்கொண்டிருந்தாள்.

"சம்பளம்?" என்றாள் ஓரலியா.

டுவேன் சிரித்துவிட்டான். அன்று அவன் சிரித்தது அது ஒன்றுதான்.

ஓரலியா நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். "முழுநேரம் பாத்துக்கிற ஆள் இருக்காரு. ஆயிரம் மணி நேரம் என்ன, ரெண்டாயிரமே இருக்கும். கட்டடத்துல வேற முக்கிய வேலை எதுவும் நடக்கல." அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது அவள் டுவேனைப் பார்க்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு. வெளிய பலகை இன்னும் கறிக்கூடம்னே சொல்லுது. அதை மாத்திட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பிடுங்க. மீதியை நான் பாத்துக்கிறேன்."

அவள் வண்டி சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. வெர்னா வாசலில் நின்றாள். அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. குதித்துக் கும்மாளம் போட வேண்டிய நேரம். அவளுக்கு அழுகைதான் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது.

டுவேன் அதற்குள் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்திருந்தான்.

"இன்னிக்கேவா? மெதுவா செஞ்சுக்கலாமே."

"உன் மோட்டார் மெதுவா செஞ்சுக்குமா? ஏணியைப் பிடி."

அவள் பிடித்தாள். அவன் தாத்தா மாட்டிய பலகை. 'ஸ்டாரா கறிக்கூடம்' என்று சிவப்பெழுத்து. திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. டுவேன் ஒவ்வொன்றாய் முக்கி முக்கித் திருகினான். துருத்தூள் அவள் தலைமேல் உதிர்ந்தது.

"எப்பலேர்ந்துடா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"ஈஸ்டர்லேர்ந்து."

"ஈஸ்டர்லேர்ந்தா! இத்தனை தடவை வந்து போறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஒரு திருகாணி கழன்று அவள் காலடியில் விழுந்தது.

"நீ கேக்கலையே, வெர்னா."

அதில் கோபமில்லை, குத்தலுமில்லை. மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பல்கலைக்கழகத்துக்காரியையே கேட்டவள், இவனை ஒன்றும் கேட்டதில்லை. பலகையின் ஒரு பக்கம் விடுபட்டுத் தொங்கியது. டுவேன் அதைக் கையால் தாங்கிக்கொண்டு, "கனமா இருக்கு, கீழ வாங்கிக்கோ" என்றான். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.